கரண்டு போனால் மறந்துவிடும் பெட்டி

ஜூன் 9, ஞாயிறு

இன்று மாடியில் இருந்தவர்கள்: மகன் சாம்பசிவன், மருமகள் மங்கலம், பேத்தி ரேஷ்மி, நான். மங்கலத்தின் அண்ணன் பகவதிப்பெருமாளும் வந்திருந்தார். மகனின் கல்யாணப் பந்தியில் நான் எழும்பும் முன்னே இலையை எடுக்கச் சொன்னவர். இருபத்தாறு வருஷமாச்சு. இன்றும் அவரோடு நான் பேசவில்லை.

தெருக்கோடியில் எங்கள் கடைக்கு வரும் இன்டர்நெட்டை வீட்டுக்கு வயர் இழுத்து, நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை வைத்திருக்கிறாள் ரேஷ்மி. அதில் ஓடுவது லினக்ஸாம்.

"உள்ள கெர்னல்னு ஒரு ஆளு, ஆச்சி. இந்த வயர்ல வர்றத அந்த வயருக்கு விடவே மாட்டான். அவனுக்க செட்டிங்குல இருக்க பூஜ்யத்த ஒண்ணாக்கினா விட்டுருவான், கேட்டோ."

"உன் மாமனப் போல பிடிவாதக்காரனா?"

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். பெட்டியில் பச்சை வெளிச்சம் படபடத்தது. மத்தியானம் முழுக்க அதைப் பார்த்தபடியே கிடந்தேன். யார் யாருடைய பேச்சோ என் தலைமாட்டு வழியாக மெல்ல நடந்து போவதுபோல் இருந்தது. தூங்கினேனா?

ஜூன் 11

ரேஷ்மிக்கு வியாழன் பதினொரு மணிக்குக் கடைசி இன்டர்வியூ, கம்ப்யூட்டரிலேயே. கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் வேலைக்கு ஹைதராபாத் போகணும்.

ஜூன் 13, வியாழன்

மழை. பத்தேமுக்காலுக்குக் கரண்டு போய் உடனே வந்தது. பெட்டியும் விழித்துக்கொண்டது. நெட் மட்டும் வரவில்லை.

வயரைப் பிடுங்கினாள், சொருகினாள். போனில் சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஓடி நனைந்து வந்தாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் திரை கண்ணுக்குள் அப்படியே நின்றது.

"மக்ளே, அந்த ஒண்ணு இருக்கா பாரு."

பார்த்தாள். பூஜ்யம்.

"அய்யோ, ஃபைல்ல எழுதல்ல ஆச்சி! எழுதாட்டி கரண்டு போனா மறந்துரும்."

ஒண்ணாக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. மணி பதினொன்று இருபது. இன்டர்வியூக்காரர்கள் போய்விட்டார்கள். இன்னொரு நாள் கிடையாதாம்.

ஒரு நொடி இருட்டுக்கே மறக்குமா — அதெல்லாம் ஒரு மண்டையா?

ஜூன் 14

ஃபைலில் எழுதிவிட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

காலை ரயிலில் ரேஷ்மி போனாள்.

"போன்ல முகம் தெரியும் அத்தே," என்கிறாள் மங்கலம். தெரியும்தான். தண்ணீருக்கடியில் கிடக்கிற முகம்போல.

ரேஷ்மியின் கவனக்குறைவு என்கிறான் சாம்பசிவன். அவளும் அப்படியே நம்பி ரயிலேறிவிட்டாள். நான் இந்த நோட்டில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒண்ணாக்கியதும், "ஃபைல்லயும் எழுதிட்டு வாறேன்" என்றாள். "எழுத்து எங்க ஓடிப்போவுது? புட்டு ஆறுது, எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனவள் ஒருத்தி. ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

அவளை மன்னிக்க மாட்டேன். பெயர் முத்தாரம்மாள். நான்தான்.