செம்புத் தகடு

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. ஈப்போ மலைகள் தெரியவில்லை. வேலை: கருவி முனைகளுக்கான கார்பைடு துண்டுகளை அசிட்டோனில் துடைப்பது. பட்டம் வாங்கியது இதற்கு.

போன மாதம்வரை வெற்றிட உலை என் பொறுப்பு. கார்பைடை எஃகோடு பற்றவைத்து ஆறவிடும்போது எஃகு நிறையச் சுருங்கும், கார்பைடு கொஞ்சம்தான். நடுவில் மெல்லிய செம்புத் தகடு. அது இழுவையைத் தாங்கிக்கொள்ளும். சூப்பர்வைசர் ரவி அண்ணன்: "அதெல்லாம் தேவையில்லலா. குப்பையில போடு." தகடு இல்லாமல் ஏற்றினோம். அத்தனையும் விரிசல். முதலாளி தவுக்கேயிடம் அவர் சொன்னது: "நித்யா சூட்டோட உலையத் தெறந்துட்டா."

நான் திறக்கவில்லை.

மார்ச் 5, புதன்
வாங்க: பற்பசை, மோட்டாருக்கு பிரேக் கேபிள்.
சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா போன். வேலை நல்லா இருக்கு என்றேன்.

வெள்ளிக்கிழமை சிம்பாங் பூலாய் கல்குவாரிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் மாதிரிக் கருவியைத் தீட்டிக்காட்ட வேண்டும். ரவி அண்ணன், எல்லோருக்கும் கேட்க: "உலைப் பக்கம் யாரும் வராதீங்க. நானே ஏத்துறேன், நானே எறக்குறேன்." என்னிடம்: "நீ தொடை. படிச்ச புள்ளல்ல, நல்லாத் தொடைப்ப."

செம்பு வைக்காமல் ஏற்றுவதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். துடைத்தேன்.

மார்ச் 6, வியாழன்
உலை ஓடுகிறது. பம்ப் சத்தம். பழிவாங்கல் என்று எழுதிப் பார்த்தேன். அசிங்கமாக இல்லை.

மார்ச் 7, வெள்ளி
வெயில். கருவியில் ஒரு கீறல் இல்லை. தவுக்கே ரவி அண்ணன் தோளில் தட்டினார்.

கிரைண்டர் தொட்டதும் டிக். கார்பைடின் குறுக்கே முடிபோல ஒரு கோடு. குவாரிக்காரர்கள் கைக்கடிகாரம் பார்த்தார்கள்.

தவுக்கே ரவி அண்ணனிடம் மலாயில்: சூட்டோடு திறந்தாயா?

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்றால், விரிசலுக்கு வேறு காரணம் என்றாகும்; என்மேல் போட்ட பழியும் ஆடும்.

"யா பாஸ். சாயா சாலா."

என் தப்பு என்று. பொய்யைக் கைவிடாமல், பழியைத் தானே சுமந்துகொண்டார். என் பெயர் அழுக்காகவே கிடக்கிறது.

மாலை, ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். "தங்கச்சி, அந்தச் செம்பு மிச்சம் இருக்கா? திங்கக்கெழம மறுபடி ஏத்தணும்."

"நீங்கதானே குப்பையில போடச் சொன்னீங்க அண்ணே. புதுசுக்கு தவுக்கே கையெழுத்து வேணும். எதுக்குன்னு கேப்பாரு. சொல்லுங்க."

மிச்சமிருந்த செம்புச் சுருள் என் லாக்கரில். சாவி பையில்.