பிந்தி வந்த வயலின்

யூன் 3, செவ்வாய்

பெனடிக்ற் காலையிலேயே மெத்தையைத் தூக்கி யன்னலில் சாத்திவிட்டார். அப்படியும் சோளகக் காற்று உள்ளே ஊளையிடுகிறது. நாங்கள் படுக்கிற அறைதான் அவருடைய ஸ்டூடியோ. ஊரில் எந்த மனுசியும் படுக்கையை இப்படிப் பாட்டுக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள்.

கீரிக் கோயில் பெருநாளுக்குப் புதுப் பாட்டு. மேளம், குழல், பின்னணி எல்லாம் கொம்பியூட்டரே வாசித்து முடித்துவிட்டது. "வயலின் மட்டும் நீர்தான்" என்றார்.

உயிலங்குளத்தில் ஓட்டோ புரண்டு வலது மணிக்கட்டு உடைந்த பிறகு, இப்போதுதான் முதல்தரம் வில்லைப் பிடித்துப் பதிகிறேன். உள்ளே இன்னும் தகடு இருக்கிறது. பயமாக இருக்கிறது.

யூன் 5, வியாழன்

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரியில் வேலிக்கு வெளியே கழுதை கத்தியது. மன்னாரில் ஸ்டூடியோ வைத்தால் கழுதையும் பாடகர் குழுவில் ஓராள்தான். திரும்ப முதலிலிருந்து.

யூன் 6, வெள்ளி

போட்டுக் கேட்டோம்.

பிந்துகிறேன். ஓரிடத்தில் அல்ல, பாட்டு முழுக்க. தாளம் விழுந்த பிறகுதான் என் வில் வருகிறது. வாசிக்கும்போது சரியாகத்தானே இருந்தது?

பெனடிக்ற் எழும்பித் தேத்தண்ணி போடப் போனார். அவர் தானாகத் தேத்தண்ணி போட்டால் விஷயம் பெரிது.

யூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்றேன். பொய்.

யூன் 10, செவ்வாய்

அவர் குளிக்கப் போன நேரம் பாட்டைப் போட்டேன். வயலின் தாளத்தோடு அழகாக நிற்கிறது! துள்ளிக் குதிக்காத குறை. பிறகு கவனித்தேன் — வில் திரும்பும்போது வருகிற உரசல் எங்கேயும் இல்லை. அது நான் இல்லை. கொம்பியூட்டர் வயலின்.

ஈரத் தலையோடு வந்தவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் விளங்காது, டிலோ."

"எனக்கு விளங்குது."

"உம்மட கைக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதெண்டுதான்…"

என்னத்துக்கு இந்த இரக்கம்? ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். 'கை போச்சு' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே!

பாடகர் குழுவை நடத்துகிற ஜெனிற்றாவுக்கு, 'பெருநாளுக்கு வேற ஆளைப் பாருங்கோ, இனி நான் வாசிக்கேல்லை' என்று போனில் எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை. நாளைக்கு அனுப்புவேன்.

யூன் 11, புதன்

அனுப்புவதற்கு முன் நான் வாசித்த வயலின் பதிவை ஒருதரம் கேட்க ஆசை வந்தது. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் தனியே விட்டேன்.

பின்னால் மெல்லிய டிக் டிக். தாளத்துக்காக ஹெட்போனில் ஓடுகிற டிக். "ரெண்டு காதையும் மூடிப் போடும், டிக் சத்தம் மைக்குக்குள்ள போகுது" என்று பெனடிக்ற் எத்தனை தரம் ஏசியிருப்பார்! நான் கேட்பதில்லை. கோயிலில் கூட்டத்தோடு வாசித்துப் பழகியவள். ஒரு காது திறந்திருக்காவிட்டால் என் வயலின் எனக்கே பிடிபடாது. அந்தத் திறந்த பக்கத்தால் டிக் கசிந்து என் பதிவில் ஏறியிருந்தது.

கொம்பியூட்டரின் டிக்கையும் சேர்த்துப் போட்டேன். இரண்டும் ஒன்றாக விழவேண்டும்.

விழவில்லை. டிக், அதற்குப் பின்னால் இன்னொரு டிக். கொம்பியூட்டர் போட்ட டிக்கே மைக்கால் திரும்பி வரும்போது பிந்துகிறது! பிந்தி வந்த அந்த டிக்கோடு என் வில் ஒட்டிக்கொண்டு போகிறது, பாட்டு முடியும்வரை.

டிக்குக்கு ஏது மணிக்கட்டு?

கத்திவிட்டேன். பெனடிக்ற் பாதி வழித்த தாடியும் நுரையுமாக ஓடி வந்தார். கேட்டார். கதிரையில் அப்படியே இருந்துவிட்டார்.

மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற பெட்டியை மாசியில்தான் மாற்றினார். அதுதான் சத்தத்தைப் பிந்திக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. பெட்டி வந்த பிறகு மைக் வைத்து நாங்கள் பதிந்ததே இப்போதுதான். மற்றதெல்லாம் மென்பொருள் வாத்தியம்.

"பெட்டியைப் பாக்கவே எனக்குத் தோணேல்லை. உம்மட கைதான் எண்டு நினைச்சிட்டன்."

"நானும்தான்."

அழுதேன். அவருடைய நுரை முழுக்க என் சட்டையில்.

யூன் 12, வியாழன்

வயலின் முழுவதையும் ஒரே இழுவையில் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தினார். அவ்வளவுதான். ஓரிடமும் வெட்டவில்லை.

ஜெனிற்றாவுக்கு எழுதியதை அழித்துவிட்டேன். கடவுளே, அனுப்பியிருந்தால்!

யூன் 14, சனி

இரண்டாம் சரணத்தில் பெனடிக்ற் பாட்டை நிறுத்தினார்.

"இதில தாளத்துக்கு முன்னால ஓடுறீர். இது பெட்டி இல்லை, நீர்தான். திரும்ப வாசியும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெத்தை திரும்பவும் யன்னலில். ஹெட்போனை ஒரு காதில் மாட்டினேன். மற்றக் காதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.