நம்பர் ஒத்துப்போன வண்டி

அத்தா,

பக்கத்துப் பட்டறையில் இன்று ஒரு வேனுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாடை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் சாத்தவில்லை. இந்த வாடை வந்தாலே நீங்கள், "எதை மறைக்கிறான்னு தெரியலயே" என்பீர்கள்.

நீங்கள் எதையும் அப்படியே நம்பியதில்லை. பழைய கார் புரோக்கர் புத்தி என்பாள் அம்மா. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, நேரில் வராமல் ஏன் ஆள்விட்டு அனுப்பினார்கள் என்று யோசிப்பீர்கள். சர்க்கரை உங்கள் கண்ணைக் கெடுத்த பிறகு, எட்டாவதோடு படிப்பை விட்டு வீட்டில் இருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தீர்கள். டார்ச் அடித்து, வண்டியின் இன்ஜினிலும் பாடியிலும் பொறித்திருக்கும் நம்பரை வாசிப்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருமுறை ஒரு பழைய அமெரிக்கக் காரை விற்க வந்தது அம்மாவின் ஒரே தம்பி. இருந்த கடையை விற்றுவிட்டு மாமா அதை வாங்கியிருந்தார். விலைக்குக் கேட்டவர் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி. சாதாரண வண்டி இல்லையாம். அமெரிக்காவில் ஷோரூம்காரரே கம்பெனி இன்ஜினைக் கழற்றிவிட்டு, பந்தயத்துக்கு ஆகிற பெரிய இன்ஜினை மாட்டி விற்றதாம். அப்படிப்பட்ட வண்டிகள் கொஞ்சம்தான் என்பதால் தனி மவுசு.

"பாய் பாத்துச் சரின்னா எனக்குச் சரி" என்றார் முதலாளி. கிளம்பும்போது அம்மா சொன்னது வேறு: "தம்பி பொழப்புங்க. பாத்துச் சொல்லுங்க."

வண்டி நின்ற தகரச் செட்டில், இன்ஜின் மேல் சாக்பீஸைத் தேய்த்து வாசித்தேன். பாடியில் இருந்த அதே நம்பர். மாமாவின் முகம் மலர்ந்தது. "ரெண்டும் ஒத்துப்போகுது மச்சான். இதுக்கு மேல என்ன வேணும்?"

நீங்கள் மாமா பக்கம் திரும்பினீர்கள். "ஷோரூம்லதான இன்ஜின மாத்துனாக?" என்றீர்கள்.

"ஆமா. அதுதான வண்டியோட மவுசே."

"பாடி நம்பர வண்டி செஞ்ச கம்பெனி தன் இன்ஜின்லதான் அடிப்பான். அதத்தான் கழட்டிட்டாகளே. பெறகு மாட்டுன இன்ஜின்ல இது எப்படி வந்துச்சு?"

முதலாளி சிரித்தார். "ஏன் பாய், நம்பர் ஒத்து வரலன்னா சந்தேகப்படுவீக. ஒத்து வந்தாலுமா?"

"மாத்துனது நெசம்னா ஒத்து வரக் கூடாது முதலாளி. நம்ம ஊர் ஆளுக நம்பர் ஒத்துப்போகுதான்னுதான் பாப்பாகன்னு தெரிஞ்சு எவனோ அடிச்சிருக்கான்."

மாமாதான் அடித்தாரா, மாமாவையே யாராவது ஏமாற்றினார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. முதலாளி வண்டி வேண்டாமென்று போய்விட்டார். அதோடு மாமா நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா உங்களுக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

நீங்கள் மௌத்தாகி, அடக்கம் செய்த அன்று மாமா வந்தார். போன வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார், பிஸ்கட் பொட்டலத்தோடு. வண்டி இன்னும் விற்கவில்லையாம்.

"ஏம்மா, அன்னைக்குச் செட்டுல ஒரே இருட்டு. நீ தப்பா வாசிச்சிட்டியோன்னு தோணுது. அந்த இன்ஜின்ல நம்பரே இல்ல. வேணும்னா வந்து பாரு. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிரு."

அம்மா என்னையே பார்த்தாள். தம்பி திரும்ப வந்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. மாமாவின் கைவிரல்களில், நகக்கண்ணில் எல்லாம், இரும்பைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுத்தால் அப்புகிற கருப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருந்துச்சு மாமா. நான் வாசிச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் டீயைத் தொடாமல் எழுந்து போனார். அம்மா இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பஸ்ஸில், ஆமத்தூர் தாண்டும்போது, உங்களிடம் மெதுவாகக் கேட்டேன்: "நான் தப்பா வாசிச்சிருந்தா அத்தா?"

ஊரையே சந்தேகப்பட்ட நீங்கள் சொன்ன பதிலை வைத்துக்கொண்டுதான் இந்த வீட்டில் நடமாடுகிறேன்.

"வேற ஆளு வாசிச்சிருந்தா, நானும் ஒருதரம் தடவிப் பாத்திருப்பேன்."