வாப்பாவின் ஊமைப் படமும் அஸ்பியாவின் நிக்காஹ்வும்

கல்முனைக்குடி
புதன்கிழமை, அஸருக்கு முன்

அன்பு மகள் முஸ்பிறா, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் மூத்தவனும், பிறந்து நாற்பது நாள் கழிந்த என் சின்னப் பேத்தியும் அல்லாஹ்வின் காவலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கு நாங்களும் சுகம். வழக்கமாக இந்த வரியோடு சுகத்தை முடித்துவிட்டு மழைக்கும் வேளாண்மைக்கும் போய்விடுவேன், இந்த முறை அப்படிப் போக முடியாது, ஏனென்றால் ஏழு மாதமாக நான் உனக்குச் சொல்லி வந்த சுகத்தில் ஒரு பொய் இருந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கோபப்படுவேன், கதை முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். மெல்பேர்னுக்கு வருகிற நம் பெரிய டீச்சரின் மகன் கையில் கொடுத்துவிடுகிறேன், உனக்கென்று கிண்டின தொதலும் அவரிடம் இருக்கும். கருவாட்டை வாங்க மறுத்துவிட்டார், உங்கள் விமான நிலையத்தில் அதைக் கண்டுபிடிக்கவென்றே ஒரு நாய் வைத்திருக்கிறார்களாம்.

முதலில் பயப்படாமல் இரு. வாப்பாவுக்குத் தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி வந்து அதை வெட்டி எடுத்தார்கள், சோதித்துப் பார்த்ததில் புற்று மாதிரிக் கெட்ட வருத்தம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நீ வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் மறைத்தோம். நீ கேட்கும்போதெல்லாம் வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன், ஒரு நாள் நீயே, "உம்மா, வாப்பா பள்ளியிலயே குடியேறிட்டாரா?" என்று கேட்டாய், நான் ஓம் என்றேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். பதினான்கு நாள் பேசக் கூடாது என்று டொக்டர் சொன்னார். பதினைந்தாம் நாள் வாப்பா ஒரே ஒரு சொல் பேசினார், சீமெந்துத் தரையில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல் வந்தது, வாயை மூடினார், மூடினதுதான். பேசப் பேசத் தொண்டை இளகும், ஒரு பழுதும் இல்லை என்று டொக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார். கலைஞரின் கர்வம், தானாக இறங்கும் என்று நான் உன் தங்கச்சி அஸ்பியாவுக்குச் சமாதானம் சொன்னேன்.

இது வேறு யாருக்கும் வந்திருந்தால் இவ்வளவு கவலையில்லை. உன் வாப்பா மேடையில் நின்ற காலத்தை நீ கொஞ்சம்தான் பார்த்தாய், நீ பிறந்தபோது முக்கால் பங்கு முடிந்துவிட்டது. பத்தொன்பது வயதில் ஒரு மந்திரி வேடம், அடுத்த வருடம் அந்த மந்திரியைத் தூக்கிலிடும் அரசன், பிறகு அறுவடைக்கு அறுவடை நீதிபதி, கள்ளக் கடத்தல்காரன், கண் தெரியாத வியாபாரி என்று முப்பத்தாறு நாடகம். மைக் வைப்பதை அவமானமாக நினைப்பார். பாடசாலை மைதானத்தில் இவர் தீர்ப்புச் சொன்னால் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்குத் தண்டனை என்று கேட்டனுப்புவார்களாம். எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஊரெல்லாம் கூரை போனதே என்று அழ, கொட்டகை சரிந்து தன் மூன்றாம் காட்சி போனதே என்று அழுதவர். நீர்ப்பாசனக் கந்தோரில் இவர் வேலை செய்தபோது, மீராசா எதற்கு அம்பாறைக்குப் போன் எடுக்கிறார், யன்னலைத் திறந்தால் போதாதா என்று பெரிய எஞ்சினியரே கேட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஏழு மாதம் வாய் திறக்காத வீட்டில் நான் இருந்தேன் மகள். முதல் ஒரு கிழமை நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பிறகு சைகை தொடங்கியது. மற்றவர்கள் தேத்தண்ணி வேண்டுமென்றால் கையைக் கோப்பை மாதிரிப் பிடிப்பார்கள். இவர் கதிரையில் சாய்ந்து, நாக்கு வறண்டு, பாலைவனத்தில் மூன்று நாள் நடந்தவர் போல் தரையில் சரிந்து காட்டுவார், அதற்குள் நான் போட்டுக் கொண்டு வந்துவிட வேண்டும். சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் பாரை மீன் வேண்டுமென்று இவர் றோட்டில் நீந்திக் காட்டியதில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள், அவர் சுறா என்று விளங்கி ஒரு துண்டு வெட்டித் தந்துவிட்டார். ஏன் ஒரு கடதாசியில் எழுதித் தரக் கூடாது என்று நான் சத்தம் போட்டேன். உடனே கடதாசி எடுத்து, வசனம் எழுதுவது நடிகனின் வேலை இல்லை என்று எழுதித் தந்தார்.

அந்த மீன் விவகாரத்தைப் பார்த்தவர்களில் கோகுலனும் ஒருவன். பாண்டிருப்புப் பொடியன், கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன், ஏதோ போட்டிக்கு ஒரு ஊமைப் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளை, சத்தமே இல்லை, இடைக்கிடை எழுத்து மட்டும் வரும். அது கலை என்று அவன் சொன்னான், அவனுடைய மைக் பழுது என்று போன் கடை றிஷாட் சொன்னான். மனைவியை இழந்த ஒரு கிழவர் தன் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பதுதான் கதை. என்னைச் சாகடித்துவிட்டுத்தான் படம் தொடங்குகிறது என்று சொல்லியும் வாப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அன்றைக்கே மீசையைச் சீர்படுத்தினார். முதல் நாள் முழுக்கப் பெரும்பாடு. மேடைப் பழக்கத்தில் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமென்று இவர் புருவத்தைத் தொப்பி வரைக்கும் தூக்க, "அங்கிள், கமரா ஒரு முழத்துலதான் இரிக்கி, மெதுவா, மெதுவா" என்று அவன் கெஞ்சிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டார். மகள் போன பிறகு கிழவர் தனியாகச் சோறு சாப்பிடுகிற இடத்தை அவன் சின்னத் திரையில் எனக்குக் காட்டினான். மகள், இவர் ஒன்றுமே செய்யவில்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எதிர்க் கதிரையைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் குசினிக்குப் போய் அழுதேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்ல வெங்காயம்கூட அன்று வீட்டில் இல்லை.

தவறு நிக்காஹ் காட்சியில்தான் நடந்தது, அதில் எனக்கும் பங்குண்டு. மணமகளாக வரவேண்டிய பிள்ளை வரவில்லை, மருதாணிக் கை மட்டும்தான் படத்தில் தெரியும் என்றான் கோகுலன், கைதானே என்று நம் அஸ்பியா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள், நானும் விட்டுவிட்டேன். மாப்பிள்ளையாக றிஷாட். சாட்சிகளாக நம் ஒழுங்கை முனையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். வாப்பா அறைப் பக்கம் கையைக் காட்டி, தன் நெஞ்சில் கைவைத்து, றிஷாட்டின் கையை இறுக்கிப் பிடித்தார். சத்தம் வராத படம்தானே, வாய் அசைந்தால் போதும் என்று கோகுலன் சொல்லியிருந்தான், அந்த றிஷாட் சும்மா அசைக்காமல் தன் நிக்காஹ்வுக்கென்று எப்போதோ பாடமாக்கி வைத்திருந்த ஒப்புதலை ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டான். பெண்ணைப் பொறுப்பாக நின்று கொடுக்கிற வலி, அதாவது வாப்பா, பிறகு பெண், மாப்பிள்ளை, இரண்டு சாட்சி, ஒப்புதல் எல்லாம் வந்துவிட்டது, அதைக் கவனிக்க நம் வீட்டில் ஒருவருக்கும் புத்தி வரவில்லை. நாங்கள் எல்லாரும் பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்தோம்.

கோகுலன் அந்தத் துண்டைப் பேஸ்புக்கில் போட்டான். அக்கரைப்பற்றில் அஸ்பியாவின் மாமியாராக வரப்போகிற றபீக்கா அதைப் பார்த்துவிட்டார், முகம் தெரியாவிட்டால் என்ன, அவர்கள் போட்ட மோதிரம் அந்தக் கையில் இருந்ததே. மஃரிபுக்குப் போன் வந்தது. "எங்கட மோதிரத்தப் போட்டுக்கு வேற மாப்பிள்ளைக்கு நிக்காஹ் குடுத்திரிக்கீங்களா?" என்று கேட்டார். நடிப்பு என்றேன். "நிக்காஹ்வில நடிப்பென்ன, விளையாட்டென்ன? மௌலவிக்கிட்டக் கேளுங்க, மறுகா கதைப்பம்" என்று வைத்துவிட்டார். கோபக்காரிதான், ஆனால் அவர் கேட்டதில் பிழை இல்லை, நானே தூங்கவில்லை. மாப்பிள்ளை றிஸ்வான் அஸ்பியாவுக்குப் போன் எடுத்து, "உம்மா செல்றதுதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவர்கள் குடியிருக்கவென்று கட்டின மேல்மாடிக்குக் கூரை போட்டாயிற்று, அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, அடுத்த மாதம் பதினான்கில் நிக்காஹ், இங்கே என்னவென்றால் பிள்ளை போன் கடைக்காரனின் மனைவியா இல்லையா என்று கேள்வி. றிஷாட் வேறு பயத்தில் கடையைப் பூட்டிவிட்டு மருதமுனை மாமி வீட்டுக்குப் போய்விட்டான்.

மௌலவி பொறுமையான மனிதர். நிக்காஹ்வில் விளையாட்டாகச் சொன்னதும் சொன்னதுதான், ஆனால் வலி இங்கு ஒன்றும் சொல்லவில்லையே, சைகைதானே காட்டினார் என்று விளக்கினார். நான் மூச்சு விட்டேன். உடனே அவர், வாய் பேச முடியாதவரின் சைகை சொல்லுக்குச் சமம், பேச முடிந்தவரின் சைகை வெறும் சைகை, இதில் உன் வாப்பா எந்தப் பக்கம் என்று கேட்டார். டொக்டரின் சீட்டைக் காட்டினோம். றபீக்கா அதையும் ஒத்துக்கொள்ளவில்லை, "சீட்டுக் கதைக்குமா? ஏழு மாசமா அவர்ர சத்தத்தக் கேட்ட ஒருத்தரக் காட்டுங்க" என்றார். பதினைந்தாம் நாள் ஒரு சொல்லைக் கேட்ட நான் வீட்டு ஆள், என் சாட்சி எடுபடாது, வேறு ஒருவரும் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லாரும் நம் வீட்டுக்கு வருவார்கள், வாப்பா அவர்கள் முன்னால் வாய் திறந்து ஒரு வசனம் பேச வேண்டும், பேசினால் படத்தில் கொடுத்தது கொடுத்ததாகாது, றிஸ்வானுக்குத் தடையில்லை என்று முடிவாயிற்று. இவர் கடதாசியில், வேறு வழி பாருங்கள் என்று எழுதிக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள். அஸ்பியா கதவுக்கு வெளியே நின்று, "வாப்பாக்கு என்னைய விட அவர்ர குரல்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அப்படிப் பேசுகிற பிள்ளை இல்லை, உனக்குத் தெரியும்.

வெள்ளி பின்னேரம் அஸருக்குப் பிறகு மௌலவி, பள்ளி நிர்வாகத்து மரைக்கார் இருவர், அந்த இரண்டு சாட்சிகள், றிஸ்வான் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். மருதமுனையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த றிஷாட் நுனிக் கதிரையில் இருந்தான். நாங்கள் பெண்கள் அறைச்சீலைக்குப் பின்னால். எல்லாரும் வந்து அமர்ந்து, இருமி முடித்து, இனி வரமாட்டார் என்று நினைத்த நேரத்தில்தான் வாப்பா வந்தார், இதிலும் மேடைக் கணக்கு. வெள்ளைச் சாறன், அத்தர், தொப்பி. இருங்கள் என்று மௌலவி சொல்லியும் இருக்கவில்லை, நின்றார். "என்ட மகள் அஸ்பியாவ" என்று தொடங்கியதும் குரல் உடைந்தது. ஒரு மரைக்கார் தரையைப் பார்த்தார். நான் சீலையைப் பிடித்துக்கொண்டேன். தடக்கின இடத்திலிருந்து தொடரமாட்டாரே இவர், வசனத்தை முதலிலிருந்து எடுத்தார். "என்ட மகள் அஸ்பியாவ நான் இன்னம் ஒருத்தருக்கும் குடுக்கல்ல. குடுக்கிற அண்டைக்கு என்ட வாயால செல்லித்தான் குடுப்பன். குரல் இதுதான். இதுக்கு மேல என்னட்ட இல்ல." தகரக் குரல்தான் மகள், ஒரு குறையும் மறையவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுவருக்குப் போய் வந்தது. அஸ்பியா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். றபீக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குரல் இரிக்கிதானே, பொறகென்ன" என்று சொல்லி இரண்டாவது தட்டு வட்டிலாப்பம் கேட்டார். றிஷாட்தான் எல்லாரையும் விடச் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். கோகுலன் மூலையில் நின்று எல்லாவற்றையும் எடுத்திருக்கிறான், அவனுடைய மைக் இன்னமும் பழுது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி போய்விட்டது. நிக்காஹ் காட்சியை வெட்டச் சொன்னார் மௌலவி, வெட்டினால் தன் முகம் பெரிதாக வருகிற நல்ல இடம் போய்விடும் என்று வாப்பா கோகுலனோடு நேற்று இரண்டு மணித்தியாலம் வாதாடினார். மீன்காரருக்கு ஏழு மாத விளக்கம் கொடுத்து முடித்திருக்கிறார். அஸ்பியாவின் நிக்காஹ்வுக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை அலுமாரிக் கண்ணாடி முன்னால் பாடமாக்குகிறார், இரண்டே வரி, அதற்கு நான்கு விதமாக நிற்கிறார்.

மகள், பதினைந்தாம் நாள் அவர் பேசின அந்த ஒரு சொல் என்னவென்று நான் அஸ்பியாவுக்கும் சொல்லவில்லை. "அஸீஸா" என்று என் பெயரைச் சொன்னார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ பிற ஆண் என்று நினைத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆரது வாசல்ல?" என்று கேட்டேன். நாற்பத்தொரு வருடம் அவரோடு இருந்தவள் கேட்டேன். அவர் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். கலைஞரின் கர்வம் என்று நான் எல்லாருக்கும் சொன்னதுதான் இந்தக் கடிதத்தின் பெரிய பொய்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பிள்ளைகளுக்கு நல்ல குணத்தையும் தரட்டும், மருமகனுக்கு என் சலாம் சொல். பேத்திக்குத் தண்ணீர் வார்க்கும்போது யன்னலைச் சாத்து, அங்கே குளிர். இது கிடைத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் எடு, வாப்பா பக்கத்தில் காத்திருப்பார், அவர்தான் எடுப்பார், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆர் கதைக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் உம்மா
அஸீஸா