ஒரு பெட்டியும் நீலச் சட்டையும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம், பெட்டியும் சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம், இங்கிருந்து அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. நீ வாங்கி அனுப்பிய கப்பல் டிக்கெட் வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் இங்கே ஏறுவது, அடுத்த துறைமுகத்தில் நீ வந்து ஏறிக்கொள்வது, ஒரு வாரம் மூன்று பேரும் தண்ணீர் மேல் என்று நீ சொன்னதை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பால்காரரிடம் இரண்டு முறை.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து கனம் தூக்கக் கூடாது, அம்மாவுக்குத் தோள்பட்டை சரியில்லை, ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி, அதுவும் சக்கரம் வைத்தது என்று முடிவாயிற்று. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்சல் ஆபீஸில் சரக்கு அடுக்கியவன், ஒரு பெட்டி எனக்கு எம்மாத்திரம் என்று பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உனக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நீ பெட்டி கட்டும் லட்சணம் எனக்குத் தெரியும். துணியை மடிக்காதே, சுருட்டு. கனமானது சக்கரத்துப் பக்கம் இருக்கட்டும். ஷூவுக்குள் காலியிடம் விடாதே, சாக்ஸைத் திணி. எந்தச் சட்டையும் எந்த பேன்ட்டுக்கும் சேருகிற நிறமாகப் பார்த்து எடுத்தால் பாதித் துணி வீட்டிலேயே நின்றுவிடும். பெரிய பெட்டி கப்பலில் நம் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகுமாம், அதனால் ஒரு மாற்றுத்துணியும் மருந்தும் கைப்பையில் வை. இப்படியெல்லாம் யோசித்துக் கட்டி, மூடி, பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தேன்.

நான் செய்த ஒரே பிழை, கப்பலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே இதைச் செய்ததுதான். நல்ல சட்டை எல்லாம் உள்ளே போய்விட்டது. கட்டியதைக் கலைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெளியே மிஞ்சியது பெயின்ட் கறை பட்ட பனியனும், சுருட்ட முடியாததால் ஆணியில் தொங்கிய கோட்டும்தான். முடிவெட்டப் பனியனோடு போக முடியுமா, கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். முடிவெட்டுகிறவர் பயந்துபோய், என்ன சார் கோர்ட்டுல கேஸா என்று கேட்டார். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்ததால் ஆமாம் என்றேன். யார் மேல என்றார். வீட்டுக்காரி மேல என்றேன். மறுநாள் அவர் உன் அம்மாவை வழியில் மறித்து, இந்த வயசுல எதுக்கும்மா, பேசிச் சமாதானமாப் போயிடுங்க என்று புத்தி சொன்னாராம். அன்று எனக்குச் சாப்பாடு சற்றுத் தாமதமாக வந்தது.

அம்மாவின் கோபம் தணிந்ததும் பெட்டியை உருட்டிப் பார்த்தேன், கனத்தது. நான் கட்டிய பெட்டி அப்படிக் கனக்காது. அம்மா கடைக்குப் போன சமயம் பார்த்துச் சாவியைத் தேடி எடுத்துத் திறந்தேன். அடியில் ஒரு புது நீலச் சட்டை, என்னுடையது இல்லை. அதன் கீழே அதே நீலத்தில் இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக் காலரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு. அவள் வந்ததும் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள், போன்ல அவன் மூஞ்சி மட்டும்தானே தெரியுது, இளைச்சிருக்கானா பெருத்திருக்கானான்னு எனக்கு எப்படித் தெரியும் என்று. ஒரு ஆளுக்கு ஒரே சட்டையில் மூன்று எடுப்பது பெட்டி கட்டுகிற முறையே இல்லை, இரண்டை எடுத்துவிடு என்றேன். சரி, எந்த ரெண்டை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க என்றாள். பார்சலைக் கண்ணால் பார்த்தே எடை சொன்னவன், பெற்ற பிள்ளையின் சட்டை அளவு தெரியாமல் நின்றேன். நீ கிளம்பிப் போனபோது முப்பத்தெட்டு. அதன் பிறகு உன்னைக் கழுத்துக்குக் கீழே நாங்கள் பார்க்கவே இல்லை.

போன வாரம் போனில் லீவைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம்பா என்றாய். அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பார்க்கலாம் என்றுதான் சொன்னாய், பார்க்க முடியவில்லை. உன் மேலதிகாரியிடம் மெயில் கியில் அனுப்பிக்கொண்டிருக்காமல் நேரே போய் நின்று கேள். அம்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மூன்று சட்டையும் உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடத்துக்காக என் ஸ்வெட்டரை வெளியே எடுத்தாயிற்று. மேல்தளத்தில் குளிர்காற்று அடிக்குமாம், கோட்டு இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன்.

உன் அளவைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அளவு தெரிந்துவிட்டால் இரண்டு சட்டையை எடுத்துவிடலாம், பெட்டி கச்சிதமாகிவிடும், ஒரு சட்டைதானே, தபாலில் அனுப்பினால் போதும் என்று ஆகிவிடும். அதனால் அம்மா கேட்டாலும் சொல்லாதே. வந்து போட்டுக் காட்டு.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் இதிலேயே அடக்கம், அவள் தனியாக எழுதினால் உறை தாங்காது. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. சட்டை எதுவும் எடுத்து வர வேண்டாம்.

இப்படிக்கு,
கோட்டோடு காத்திருக்கும்
உன் அப்பா