முன்சக்கரத்தின் நடுக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஞாயிறன்று காரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நிறுத்துங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் வெடவெடவென்று இடமும் வலமும் ஆட, ஸ்டியரிங் அவர் கையை உதறப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் வேகமா போனா அடங்கிடும் என்று மேலும் மிதித்தார். அடங்கியது, அதுதான் என் பயமே. நிறுத்த வேண்டுமானால் மறுபடி அந்த ஆட்ட வேகத்தைக் கடந்துதானே குறைத்தாக வேண்டும்?

வண்டிக்குக் குளிர்ஜுரம் சார், கம்பளி போத்துங்க என்று சிரித்துக்கொண்டே மெக்கானிக் ஸ்டியரிங் மூட்டுகளை முடுக்கினார். டயர்க்கடைக்காரரோ, ஒரு சக்கரம் ஒருபக்கம் கனம் என்றார். நான் மோட்டார் பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன், உன்னைவிடச் சில வயதே மூத்த சித்திக்கு ஏன் இந்த வேலை என்று சிரிக்காதே. எல்லாரும் சொன்னது சரிதான் போலிருக்கிறது. தேய்ந்த மூட்டு, கனம் ஒவ்வாத சக்கரம், காற்றுக் குறைந்த, பருத்த மெத்து டயர், தனித்தனியே இவை பெரிய தொல்லை இல்லை, ஆனால் ஒரு வேகத்தில் மூன்றும் சேர்ந்து, ஊஞ்சலை ஆள் மாற்றி ஆள் தள்ளுவதுபோல் ஆட்டத்தை ஏற்றிவிடுகின்றன. அந்த மெத்து டயர் எனக்காக வந்தது. உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போவது தெரிந்ததும், நான் குலுங்கக் கூடாதென்று ஒல்லி டயர்களைக் கழற்றிவிட்டு இதைப் போட்டார், இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று அடிக்கடி காற்றையும் இறக்குகிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

லீவுக்கு நீ வரும்போது ஸ்டேஷனிலிருந்து இதில்தான் கூட்டிவருவாராம், வழியில் அந்த மலை இறக்கம் இருக்கிறதே. பயமாக இருக்கிறது என்றேன், புஸ்தகம் படிக்கிறவளுக்கு எதைப் பாத்தாலும் பயம் என்கிறார். பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று நீயே அவருக்கு எழுது, மறந்துவிடாதே, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. எங்கே போனாலும் முழுசாகத் திரும்பி வா, கண்ணா, அதுதான் என் ஆசி.

உன் சித்தி

உறையை ஒட்டுமுன் எழுதுகிறேன். நேற்று மாலை டயர் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். உடனே காற்றடித்தார், ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார், கூட ஏறிய என்னை வேண்டாம் என்று இறக்கிவிட்டார். பாலத்துக்கு முன்னால் இறக்கத்தில் ஸ்டியரிங் மூட்டு கழன்று கார் பள்ளத்தில் விழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. அப்பாவின் வலது கை முறிந்துவிட்டது.