காட்டுக்குள் சொன்ன வாறன்

மாசி 1, சனி

மைனஸ் பதினெட்டு. காற்று இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது.

விடிய முன்னமே தயா வாசலில் வந்து ஹோர்ன் அடித்தாள். இவருடைய தங்கை, எனக்கு மச்சாள். கர்க்லாண்டில் தனியாக இருக்கிறாள். பாலங்களைச் சோதிக்கிற எஞ்சினியர். எந்த நேரமும் அவசரம். மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மேல்வீட்டிலிருந்து ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வளைந்த இரும்புப் படியில் இறங்குவதே பாதிச் சறுக்கல்.

இவர் போர்வைக்குள் இருந்து: "மரத்தில போய் முட்டுறதுக்கே கனடாவுக்கு வந்தனீங்கள்?"

மலையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். டயரிக்கும் கண்படும். எல்லாரும் வடக்கே பெரிய மலைகளுக்குப் போய் வரிசையில் நிற்கட்டும். எங்கள் மலை எல்லைப் பக்கம். சின்னன். பழைய லிஃப்ட், கம்பியில் தொங்குகிற கதிரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கிறீச்சிடும். வேலையிடத்தில் பெயரைச் சொன்னால், "அது இன்னும் திறந்தா இருக்கு?" என்கிறார்கள். அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இன்று அதன் உள்பக்கத்தைக் கண்டோம். வரைபடத்தில் இல்லாத இடம். லிஃப்ட் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம், இரண்டு ஊசியிலை மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. யாரோ போன பழைய தடம் ஒன்று அதற்குள் மறைந்தது. பலகை இல்லை. தடுத்துக் கயிறும் இல்லை.

"மச்சாள், இதில ஒரு பொட்டு இருக்கு."

வேலியில் ஆள் புகுந்து போக விடுகிற இடைவெளிக்குத்தான் பொட்டு என்பது. அந்தச் சொல்லைக் கேட்டே எத்தனையோ காலம். கியூபெக் காட்டில் கேட்பேன் என்று நினைக்கவில்லை. போகமுன் ஒரே ஒரு ஒப்பந்தம்: கூப்பிடு தூரத்தைத் தாண்டக் கூடாது. ஒருத்தி கூ என்றால் மற்றவளும் கூ என்று பதில் சொல்ல வேண்டும். குனிந்து நுழைந்தோம்.

உள்ளே... எப்படி எழுதுவது. சத்தமெல்லாம் வெளியே நின்றுவிட்டது. பேர்ச் மரங்கள், வெள்ளை வெளேரென்று, அளந்து நட்டதுபோல இடம் விட்டு இடம் விட்டு. ஒருவரும் நடவில்லை. கிளைநுனி வரை உறைபனி. நிலத்தில் தேங்காய்ப்பூப் பனி, முழங்கால் வரை. ஒரு முயல் ஓடின அடையாளம் மட்டும். மரங்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். பல் கூசினபிறகுதான் தெரிந்தது.

"மரத்தைப் பாக்காதேங்கோ மச்சாள். மரத்தைப் பாத்தா மரத்திலதான் போய் நிப்பீங்கள். இடைவெளியைப் பாருங்கோ."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இடைவெளியைப் பார்த்தேன். மரங்கள் விலகி விலகி வழி விட்டன. விலகினது நான்தான் என்று தெரியும். ஆனாலும்.

கீழே வந்து சேர்ந்தோம். எனக்கு அழுகை மாதிரி ஒன்று. வெட்கமாக இருந்ததால் மூக்கைத் துடைத்துச் சமாளித்தேன்.

திரும்பி ஏறுகிற லிஃப்டில் சொன்னாள். தூர மேற்கே, கல்கரியில் பெரிய பதவிக்கு அவளைக் கேட்டிருக்கிறார்களாம். பதினாலாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அங்க மலை எண்டால் மலை, மச்சாள். ரொக்கீஸ்."

"அண்ணையிட்டச் சொன்னனீரோ?"

"இல்லை. முதல் உங்களுக்குத்தான்."

நல்லதுதானே என்றேன். வாய்தான் சொன்னது. இந்த ஊரில் என்னோடு மலைக்கு வர இவளை விட்டால் ஆள் இல்லை. மலைக்கு மட்டுமா. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை.

மாசி 3, திங்கள்

சாம்பல் வானம். தொடை இரண்டும் நோவு. மெட்ரோப் படியில் கைபிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். மஞ்சள் லைனில் ஒரு பெண் போனில், எங்கள் தமிழில்: "ஓம், ஓம், வை, பேந்து எடுக்கிறன்." நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். சிரித்துக்கொண்டோம். லொங்குய்யில் இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

நான் வேலை செய்கிற கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அதே கேள்வி. இது தெளிவா, அது தெளிவா? ஒரு கிழவி பிரெஞ்சில், "இரண்டும் அழகுதான், மகளே" என்றா. என் கண்ணுக்குள் இன்னும் வெள்ளை மரம்.

வாங்க வேண்டியது: விசில் 2, கை சூடாக்கி, பால், கறிவேப்பிலை.

இவர்: "ஏன் உம்மெண்டு இருக்கிறீர்?" கால் நோவு என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மாசி 8, சனி

மைனஸ் பதினொன்று. தெளிந்த வானம். எழுத்து ஒருபக்கம் சரிகிறது.

பொட்டுக்குள்ளால் போய் இந்தமுறை இன்னும் இடப்பக்கம் தேடினோம். புது வழி. ஒடுக்கமாகத் தொடங்கி, திடீரென்று ஒரு மண்டபம் மாதிரி விரிந்தது. பெரிய மேப்பிள் மரங்கள். நடுவில் பனி மூடின ஓடை, அதன் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். தயா ஓடைக்கு அந்தப்பக்கத்தால் போனாள். நான் இந்தப்பக்கம். அவள் மறைந்துவிட்டாள். கூ என்றேன். கூ வந்தது.

பிறகு அவளுடைய குரல்: "மச்சாள், அப்ப நான் வாறன்!"

சரி, என்னிடம் வருகிறாள் என்று அசையாமல் நின்றேன்.

அந்த நிற்றலை எழுதாமல் விடமுடியாது. மேகமே இல்லாத வானத்திலிருந்து பனித்தூள் இறங்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கியது. ஒரு சின்னக் குருவி வந்து என் ஊன்றுகோலின் நுனியில் குந்தி, என்னைத் தலைசாய்த்துப் பார்த்தது. மூச்சு விடவும் பயந்தேன். அது போன பிறகும் அப்படியே நின்றேன். கடவுள் இருக்கிறாரா என்று யாரும் அந்த நேரம் கேட்டிருந்தால், சத்தம் போடாதேங்கோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு குளிர்ந்தது. பிறகு யோசித்தேன், எங்கே இவள்?

கூ. பதில் இல்லை. விசில். பதில் இல்லை. போனை எடுத்தால் குளிரில் செத்துக் கிடக்கிறது. ஊசியிலை மரங்களைச் சுற்றிப் பனிக்கு அடியில் பள்ளம் இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக எழும்ப முடியாது, பனியே மூச்சை அடைத்துவிடும். அதுதான் மனதில். ஓடையைத் தாண்டி, பக்கவாட்டில் அடி வைத்து மேலே ஏறினேன். ஒவ்வொரு மரத்தடியையும் பார்த்தேன். ஸ்கீ நுனி ஏதும் தெரிகிறதா, அவளுடைய சிவப்புத் தொப்பி தெரிகிறதா. இவருக்கு என்ன சொல்வேன். தயா, தயா என்று கத்தினேன். எவ்வளவு அழகோ அவ்வளவு பெரிய காடு. அதற்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

மரங்களுக்கு நடுவிலிருந்து சிவப்புச் சட்டை ஒன்று வந்தது. ஸ்கீக் காவலர்.

"பொன்ஜூர்! சா வா, மதாம்?" சுகம்தானே என்கிறார்.

என் சிநேகிதி கீழே இருக்கிறாளாம். ஒன்றும் ஆகவில்லையாம். நான்தான் காணாமல் போய்விட்டேன் என்று அழுகிறாளாம்.

கீழே வந்து கட்டிப்பிடித்து, உடனேயே சண்டை.

"வாறன் எண்டு சொன்னனான்தானே!"

"அதைக் கேட்டுத்தானே நிண்டனான்!"

"ஐயோ மச்சாள், நான் வாறன் எண்டது போறன் எண்டு!"

விடைபெறும்போது போறன் என்று எங்களில் யார் வாய் திறந்து சொல்கிறோம்? போனால் திரும்பி வராததுபோல ஆகிவிடும். அதனால் எல்லாப் போறனும் வாறன்தான். வீட்டு வாசலில் ஒரு குழப்பமும் இல்லை. மரங்களுக்குள் இப்படி ஆகிவிட்டது.

காவலருக்கு விளங்கப்படுத்தப் பார்த்தோம். எங்கள் மொழியில் போகிற ஆளும் வாறன் என்றுதான் சொல்லும் என்று. மனிதர் தாடிப் பனியைத் துடைத்துவிட்டு நியாயமான கேள்வி கேட்டார். அப்படியென்றால் போகிறாரா வருகிறாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"முகத்தைப் பார்த்து," என்றாள் தயா.

மாசி 9, ஞாயிறு

வெளியே லேசான தூறல் பனி. தோசை. உடம்பு முழுக்கத் தைலம்.

தயா போன் எடுத்தாள். இனிமேல் மலையில் சட்டம்: வாறன் என்றால் மற்றவள் நிற்கிற இடத்துக்கு வருவது. போகிறதென்றால் போறன்.

"அம்மா கேட்டா வாயில அடிப்பா," என்றாள்.

"காட்டுக்குள்ளை மட்டும்தானே."

"ஓம், காட்டுக்குள்ளை மட்டும்."

கல்கரி பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வைக்கும்போது பழக்கத்தில், "சரி மச்சாள், வாறன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

மாசி 13, வியாழன்

பனி, பனி, பனி. எதிர்வீடு தெரியவில்லை. பஸ் இல்லை. கடை பூட்டு. தெருவில் கார்கள் மேடு மேடாக. ஒருவன் தவறாக அடுத்தவன் காரைத் தோண்டி முடித்துவிட்டு "தபர்நாக்!" என்று இந்த ஊர்க் கெட்ட வார்த்தையில் கத்தியது மூன்றாம் வீடு வரை கேட்டது.

தயா இவரிடம் சொல்லிவிட்டாள். இவர் போனில், "உன்ர விருப்பம்" என்றார். பிறகு குசினிக்குப் போய்த் தேவைக்கு மிஞ்சி வெங்காயம் வெட்டினார். பக்கத்தில் நின்று நானும் வெட்டினேன்.

நாளைக்குத்தான் பதில் கொடுக்கிற நாள். போகாதையும் என்று டைப் பண்ணினேன். அழித்தேன். "சனிக்கிழமை தேங்காய்ப்பூ இடுப்பு வரைக்கும் இருக்கும்" என்று அனுப்பினேன். அதுவும் அதே அர்த்தம்தான்.

மாசி 15, சனி

மைனஸ் எட்டு. முழுத் தெளிவு. முதல் கதிரை எங்களுக்கு.

என்ன பதில் கொடுத்தாள் என்று காரில் கேட்கவில்லை. அவள் விக்டோரியாப் பாலத்தின் துருவைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள்.

பொட்டு கிட்டத்தட்ட மூடிவிட்டது. கையால் தோண்டி உள்ளே போனோம்.

இதற்கு முன் கண்டதெல்லாம் ஒத்திகை. ஊசியிலை மரங்கள் பனியில் குனிந்து கிடந்தன, உருவமே இல்லை. நிழல்கள் நீலம். ஒருவரும் போகவில்லை, முயல்கூட. ஒரு கிளையிலிருந்து பனி கழன்று விழுந்து, வெயிலில் தூளாகி, விழுந்து முடியாமல் அந்தரத்தில் நின்றது. மொன்றியலில் இத்தனை வருடம் பனியைத் திட்டியிருக்கிறேன். மன்னிக்கட்டும்.

மேப்பிள் மண்டபத்துக்கு மேலே நின்றோம். தயா ஊன்றுகோல் வாரிலிருந்து கையைக் கழற்றினாள். மரங்களுக்குள் அப்படித்தான், கோல் கிளையில் மாட்டினால் கையையும் இழுத்துவிடும். பனிக்கண்ணாடியைக் கண்ணுக்கு மேல் இறக்கினாள். முகம் இல்லை, அதில் நானும் மரங்களும்தான் தெரிந்தோம்.

"மச்சாள், போறன்."

"சரி, ஓடைக்கு இந்தப்பக்கத்தால போம்."

அவள் அசையவில்லை.

"கல்கரிக்கு, மச்சாள். நேற்று ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

காட்டுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் போட்டோம். காட்டுக்குள் வைத்துத்தான் சொன்னாள். என்ன சொல்வதென்று நான் தேடமுன்னம் திரும்பி இறங்கிவிட்டாள். சிவப்புத் தொப்பி ஒரு மரம், இரண்டு மரம், பிறகு இல்லை. அவள் போன தடம் மட்டும் வளைந்து வளைந்து. அவ்வளவு வடிவு. கோபம்கூட வரவில்லை. கண்ணாடிக்குள் ஈரமாகி எல்லாம் மங்கியது.

கீழேயிருந்து: "கூ!"

துடைத்துக்கொண்டு, இடைவெளியைப் பார்த்தேன்.

"வாறன்!" என்று கத்தினேன். சட்டப்படி.